வாகனப் பொறியியல் படிக்க வெளிநாடு செல்வது: முதலில் பட்டத்தைத் தேர்வதா, ஊரைத் தேர்வதா?

ஈசூன் இளைஞன்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டயப் படிப்பை முடித்த நான், இப்போது தேசிய சேவையின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். வாகனங்களை வடிவமைத்துச் சோதிக்கும் துறையில் வேலை பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் வாகனவியல் பெரும்பாலும் இயந்திரப் பொறியியலுக்குள் ஓரிரு விருப்பப் பாடங்களாகவே வருவதால், பெயரிலேயே 'வாகனப் பொறியியல்' என்றுள்ள இளநிலைப் பட்டத்தை வெளிநாட்டில் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஜெர்மனி, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறது, மொழிச் சிக்கலும் இல்லை என்பதால் வீட்டில் ஆஸ்திரேலியாவையே விரும்புகிறார்கள். தம்பியும் தங்கையும் இன்னும் படிக்க வேண்டியவர்கள். பெற்றோரின் சேமிப்பு முழுவதையும் என் ஒருவனுக்கே கரைக்க மனம் வரவில்லை. எங்கே படித்தால் இந்தத் துறையிலேயே வேலையில் அமர முடியும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காக்கி புக்கிட் பட்டறைக்காரர்

தம்பி, நீங்கள் எந்த வேலையைக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் ஊரில் கார்த் தொழில் என்றால் விற்பனை, பழுதுபார்ப்பு, வாடகை வண்டிகளின் பராமரிப்பு, அவ்வளவுதான். புக்கிட் தீமாவில் 1941இல் எழுந்த ஃபோர்டு ஆலை, அதாவது 1942 பிப்ரவரி 15ஆம் தேதி ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த அதே கட்டடம், 1980இல் மூடப்பட்டது. டைசன் நிறுவனம் இங்கே மின்சாரக் கார் தயாரிக்கப் போவதாக 2018இல் அறிவித்து, மறு ஆண்டே கைவிட்டது. 2023 நவம்பரில்தான் ஜூரோங்கில் ஹியுண்டாய் தன் புத்தாக்க நிலையத்தைத் திறந்தது. ஆண்டுக்கு 30,000 கார் வரை செய்யக்கூடிய அந்த இடத்தையும் வழக்கமான பெரிய ஆலை என்று சொல்ல முடியாது. புதிய உற்பத்தி முறைகளைச் செய்து பார்க்கும் களம் என்பதே பொருந்தும்.

பட்டம் பெற்ற இளையர்கள் சிலர் என் பட்டறைக்கு வேலை கேட்டு வருவார்கள்; சில வாரங்களில் இது தாங்கள் நினைத்த வேலை இல்லை என்று கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மின்சாரக் கார் ஒன்றின் மின்கலத் தொகுதியைத் தொடுவதற்கு முன் என் ஆட்கள் துண்டிப்பு இணைப்பைக் கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த நேரம் காத்திருந்து, மின்காப்புக் கையுறை அணிந்துகொண்டு, ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிவடத்தின் முனையில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று அளந்து பார்ப்பார்கள். அது தொழில்நுட்பரின் வேலை. அந்தத் துண்டிப்பு இணைப்பை வண்டியில் எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு நேரத்துக்குள் மின்னழுத்தம் இறங்கியாக வேண்டும் என்று தீர்மானிப்பது பொறியாளரின் வேலை. அந்தத் தீர்மானங்கள் இங்கே எடுக்கப்படுவதில்லை. உங்களுக்கு அதுதான் வேண்டுமென்றால், எடுக்கப்படும் ஊருக்குப் போங்கள்.

நெக்கார் கரை

பட்டறைக்காரர் ஐயா சொன்ன கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். உட்லண்ட்ஸில் வளர்ந்து, இளநிலைப் படிப்பிலிருந்தே ஜெர்மனியில் இருப்பவன் நான். இப்போது ஸ்டுட்கார்ட் அருகே, கார் நிறுவனங்களுக்கு உறுப்புகள் செய்து தரும் ஒரு நிறுவனத்தில், பிரேக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில் வேலை.

பட்டத்தின் பெயரில் 'வாகனம்' என்ற சொல் இருக்கிறதா என்று எங்கள் நிறுவனத்தில் எவரும் பார்ப்பதில்லை. என்னைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் இயந்திரவியல், மின்னியல், கணினி அறிவியல் படித்தவர்கள். படித்த காலத்தில் எந்த நிறுவனத்தில், எந்தப் பிரிவில், என்ன வேலை செய்தார்கள் என்பதைத்தான் நேர்காணலில் துருவிக் கேட்பார்கள். ஆகவே, படிக்கும் ஊரிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ போய்வரும் தூரத்தில் வாகன ஆய்வும் வடிவமைப்பும் நடக்கிறதா என்பதே நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் மெர்சிடிஸ் பென்ஸ், போர்ஷே, பாஷ் மூன்றும் இருக்கின்றன. மியூனிக்கில் பிஎம்டபிள்யூ, இங்கோல்ஸ்டட்டில் ஆவ்டி, பிரவுன்ஷ்வைக்கிற்குப் பக்கத்தில் வோக்ஸ்வாகனின் வொல்ஃப்ஸ்பர்க். ஆகன் நகரில் பெரிய கார் ஆலை கிடையாது. ஆனால் அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வாகன ஆய்வுக் கழகத்தைச் சுற்றிப் பொறியியல் ஆலோசனை நிறுவனங்கள் பல வளர்ந்திருக்கின்றன.

இந்த அளவுகோலை ஆஸ்திரேலியாவுக்கு வைத்துப் பாருங்கள். ஃபோர்டு 2016 அக்டோபரிலும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 அக்டோபரிலும் அங்கே கார் உற்பத்தியை நிறுத்தின. ஃபோர்டின் ரேஞ்சர் வண்டி மெல்பர்னில் உருவாக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட கதவுகள் அந்நாட்டில் மிகக் குறைவு. உங்கள் வீட்டாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கு மாணவர்கள் படித்துக்கொண்டே நிறுவனங்களில் பகுதிநேரப் பொறியியல் வேலை செய்யும் 'வெர்க்ஸ்டுடென்ட்' என்ற ஏற்பாடு உண்டு. பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது வழக்கமான வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று 2024இல் விதி தளர்த்தப்பட்டது. என் முதல் பகுதிநேர வேலை, அலமாரி போன்ற ஒரு சோதனைச் சட்டகத்தின் முன் அமர்வது. அதற்குள் காரின் பிரேக் கணினி மட்டும் உண்மையானது. சக்கரம், சாலை, ஓட்டுநரின் கால் ஆகியவை எல்லாம் இன்னொரு கணினி உருவாக்கும் பாவனை. இடப்பக்க முன்சக்கரத்தின் வேக உணர்கருவி திடீரென்று செத்துவிட்டதாகப் பாவனை செய்து, பிரேக் கணினி அதை எத்தனை மில்லி விநாடியில் கண்டுகொள்கிறது, கண்டுகொண்டபின் எந்த மாற்று நிலைக்கு இறங்குகிறது, ஓட்டுநருக்கு எந்த விளக்கைக் காட்டுகிறது என்பவற்றைப் பதிவேட்டில் தேடி, விவரக்குறிப்போடு ஒப்பிட வேண்டும். நாள் முழுவதும் அதே வேலைதான். சலிப்பூட்டும் என்பது உண்மை, ஆனால் பட்டம் கைக்கு வந்தபோது இந்த அனுபவம்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது.

ஜெர்மனியில் உயர்கல்வி இரண்டு வகை. ஆராய்ச்சி சார்ந்த பல்கலைக்கழகங்கள் ஒன்று. நடைமுறை சார்ந்த 'ஹோக்ஷூலே' கல்லூரிகள் மற்றொன்று. எஸ்லிங்கன், இங்கோல்ஸ்டட் போன்ற இரண்டாம் வகை நிலையங்களில் ஒரு பருவம் முழுவதையும் நிறுவனத்தில் கழிப்பது பாடத்திட்டத்திலேயே இருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் போக்கு இயல்பாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். சிங்கப்பூரில் நாம் பல்கலைக்கழகப் பெயருக்குக் கொடுக்கும் மரியாதை காரணமாக அந்தக் கல்லூரிகளை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கடைசியாக மொழி. இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். சேர்வதற்கே உயர்நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். ஆங்கிலத்தில் முதுநிலை படித்துவிட்டு வேலை தேடும் நண்பர்களும் அந்த மொழியில்தான் தடுக்கி விழுகிறார்கள். கூட்டத்தில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஆள் ஜெர்மனில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டு நெடுநாள் ஓட்ட முடியாது.

மிட்லண்ட்ஸ் வாசி

பிரிட்டனைப் பற்றி எவரும் எழுதவில்லையே என்று வந்தேன். பெயரிலேயே வாகனப் பொறியியல் என்றுள்ள பட்டம்தான் வேண்டுமென்றால் லஃப்பரோ, கொவன்ட்ரி ஆகிய இடங்களில் இளநிலையும், கிரான்ஃபீல்டில் முதுநிலையும் படிக்கலாம். இடையில் ஓர் ஆண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு இறுதியாண்டுக்குத் திரும்பும் முறை லஃப்பரோவில் உண்டு. என்ன செலவானாலும் அந்த ஓராண்டை விட்டுவிடாதீர்கள். ஜாகுவார் லேண்ட் ரோவரின் வடிவமைப்பு மையங்கள் கேடனிலும் விட்லியிலும் உள்ளன. ஃபார்முலா 1 அணிகளில் பலவும் இங்கிலாந்தில்தான் வண்டி கட்டுகின்றன: மெர்சிடிஸ் பிராக்லியில், ரெட் புல் மில்டன் கீன்ஸில், வில்லியம்ஸ் குரோவில்.

ஆனால் உற்பத்தி சுருங்கி வருகிறது. ஹோண்டாவின் சுவிண்டன் ஆலை 2021இலும், வாக்ஸ்ஹாலின் லூட்டன் ஆலை 2025இலும் மூடப்பட்டன. பொறியியலில் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணமோ பல பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 25,000 பவுனைத் தாண்டுகிறது. படித்து முடித்தபின், உங்களுக்காக விசா ஆதரவு தர முன்வரும் நிறுவனத்தை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். சிறிய பந்தய நிறுவனங்கள் பல அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள விரும்புவதில்லை.

எந்த நாட்டுக்குப் போனாலும் மாணவர் பந்தயக் கார்ப் போட்டி அணியில் சேருங்கள். எனக்கு நடந்த நேர்காணலில் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அணிக்காக நான் வரைந்த சக்கரத் தாங்கியின் படத்தை மேசைமேல் விரித்து, இந்த ஆரத்தை ஏன் இந்த அளவில் வைத்தாய், இந்தத் திருகாணி அறுந்தால் அடுத்து எது போகும் என்று குடைந்தார்கள்.

இரு பிள்ளைகளின் தாய்

என் மூத்த மகனும் இதே கனவில் இருப்பதால் கேட்கிறேன். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் வீட்டிலிருந்து எவ்வளவுதான் போகும்? மத்திய சேமநிதிக் கல்விக் கடனை இதற்குப் பயன்படுத்தலாமா? இன்னொரு கவலையும் உண்டு. வோக்ஸ்வாகனில் ஆட்குறைப்பு என்று செய்தியில் பார்த்தேன். நாம் பிள்ளையை அனுப்பும் நேரத்தில் அங்கே கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களா?

நெக்கார் கரை

அக்கா, மத்திய சேமநிதிக் கல்விக் கடன் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்ப் படிப்புகளுக்கு மட்டும்தான், வெளிநாட்டுக்குச் செல்லாது.

இலவசம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் 2017 முதல் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து, படிப்பைப் பொறுத்து, பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. மற்றப் பல மாநிலங்களில் சிறிய பருவக் கட்டணம் மட்டுமே. ஆனால் விசாவுக்காக, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய 'முடக்கப்பட்ட' வங்கிக் கணக்கில் ஓர் ஆண்டுச் செலவைக் காட்ட வேண்டும்; அந்தத் தொகை 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ. மியூனிக், ஸ்டுட்கார்ட் வாடகைக்கு அது போதாது என்பதை இங்கு வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆட்குறைப்புச் செய்தி உண்மை. 2030க்குள் ஜெர்மனியில் 35,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்க வோக்ஸ்வாகனும் தொழிற்சங்கமும் 2024 டிசம்பரில் உடன்பட்டன. எவரையும் கட்டாயமாக வெளியேற்றாமல், ஓய்வுபெறுவோரின் இடங்களை நிரப்பாமல் விடுவது போன்ற வழிகளில் அதைச் செய்கிறார்கள். புதிதாக வருபவனுக்குக் கதவு குறுகுவது என்னவோ அதனால்தான். உறுப்புகள் செய்யும் இசட்எஃப் நிறுவனமும் 2028க்குள் 14,000 வேலைகள் வரை குறைப்பதாக அறிவித்தது. எரிபொருள் எஞ்சின், பற்சக்கரப் பெட்டி ஆகிய பிரிவுகளில் புதியவர்களுக்கு இடம் மிகக் குறைவு. மென்பொருள், மின்கலம், மின்னணுச் சோதனைப் பிரிவுகளில் இன்னும் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் முன்போல் வலைவீசித் தேடுவதில்லை. படிப்பை முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வசிப்பிட அனுமதி கிடைக்கிறது. முன்பு அது தாராளமான காலம். இப்போது அதில் பெரும்பகுதி தேவைப்படும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

அங் மோ கியோ அக்கா

நெக்கார் கரைத் தம்பி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இளநிலைக்கே கிளம்பச் சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, அங்குள்ள பந்தயக் கார் அணியில் இருந்துவிட்டு, முதுநிலைக்கு நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வாகனத் தொழில்நுட்பத்தில் அங்கே ஆங்கிலவழி முதுநிலைப் பட்டம் உண்டு. வாகனங்களுக்கான மின்னணுச் சில்லுகளில் பெயர்பெற்ற என்எக்ஸ்பி நிறுவனத்தின் தலைமையகமும் அதே ஊர்தான். உள்ளூரில் அரசாங்க மானியத்துடன் முதல் பட்டத்தை முடித்துவிட்டு, வெளிநாட்டுச் செலவை இரண்டு ஆண்டுக்குள் அடக்குவது நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும். இருபத்தோரு வயதில் மொழி தெரியாத ஊரில் முதலாண்டுக் கணிதத்தில் தவறிவிட்டால் பிள்ளையும் வீடும் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

திரும்பி வருவதைப் பற்றியும் பேச வேண்டும். சிங்கப்பூரில் பெரிய அளவில் கார் செய்வதில்லை என்று பட்டறைக்காரர் சொன்னது சரி, ஆனால் காருக்குள் போகும் மின்னணுப் பொருளில் கணிசமான வேலை இங்கே நடக்கிறது. இன்ஃபினியனின் ஆசிய பசிபிக் தலைமையகமும், பாஷின் தென்கிழக்காசியத் தலைமையகமும் இங்குதான். எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் அங் மோ கியோவில் சில்லு செய்கிறது. திரும்பி வந்த நானும் அப்படியொரு சில்லு நிறுவனத்தில்தான் இருக்கிறேன்; எங்கள் பிரிவில் நாங்கள் பார்ப்பது நம்பகத்தன்மைச் சோதனை. கைப்பேசிக்குப் போகும் சில்லு சற்றுச் சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எஞ்சின் அறைக்குப் போகும் சில்லு உறைநிலைக்குக் கீழே 40 பாகையிலும் மேலே 125 பாகையிலும், சில இடங்களில் 150 பாகையிலும், அதே வேலையை அதே நேரத்துக்குள் செய்ய வேண்டும். சூட்டு அறையிலும் குளிர் அறையிலும் மாற்றி மாற்றி வைத்து எடுத்தபின், சில்லைப் பலகையோடு பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேடுவோம். ஐஎஸ்ஓ 26262 என்ற செயற்பாட்டுப் பாதுகாப்புத் தரநிலையை வரிவரியாகப் படித்தவர்களுக்கு இங்கே நல்ல மதிப்பு. 2011இல் முதல் பதிப்பும் 2018இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. இரண்டாம் பதிப்பில் சில்லுகளுக்கென்றே ஒரு பகுதி சேர்த்தார்கள்.

நெக்கார் கரை

அக்கா, செலவுக் கணக்கில் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் இரண்டு ஆண்டு முதுநிலையில் மொழியும் வராது, நிறுவனத்தில் ஊன்றவும் நேரம் போதாது என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஐந்தோவனில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளலாம், ஸ்டுட்கார்ட்டில் முடியாது.

செங்காங் நிரந்தரவாசி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். சென்னையில் வாகனப் பொறியியல் படித்துவிட்டு இங்கே வந்து நிரந்தரவாசியாக இருக்கிறேன். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அமெரிக்காவில் தனி விசா உண்டு என்று கேள்விப்பட்டேன். அது எங்களுக்கும் பொருந்துமா?

மிட்லண்ட்ஸ் வாசி

பொருந்தாது. தடையற்ற வாணிப உடன்பாட்டின்கீழ் 2004 முதல் ஆண்டுக்கு 5,400 சிங்கப்பூரர்களுக்கு எச்-1பி1 என்ற வேலை விசா ஒதுக்கப்படுகிறது, குலுக்கல் முறைத் தேர்வு கிடையாது. குடிமக்களுக்கு மட்டுமே. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலோ, பிஎம்டபிள்யூவின் ஸ்பார்டன்பர்க் ஆலைக்கு அருகில் உள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் சிங்கப்பூரருக்கு அது பெரிய வசதி. ஈசூன் தம்பி அமெரிக்காவைப் பட்டியலிலேயே சேர்க்காதது எனக்கு வியப்பு. கட்டணம்தான் தடை என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு இன்னொரு குறிப்பு. இந்தியாவில் பெற்ற சான்றிதழுடன் ஜெர்மனியில் படிக்க விண்ணப்பித்தால், ஏபிஎஸ் எனப்படும் சரிபார்ப்புச் சான்றிதழை முதலில் பெற வேண்டும். சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நடக்கும் வாகன வேலையைப் பார்த்தால், அனுபவத்துக்காகச் சில ஆண்டு அங்கே திரும்பிப் போவதும் இழப்பான யோசனை இல்லை.

ஈசூன் இளைஞன்

எல்லாவற்றையும் அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து படித்தேன்; ஆஸ்திரேலியா பட்டியலிலிருந்து போய்விட்டது. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலுக்கு எனக்கு ஏற்கெனவே இடம் கிடைத்திருக்கிறது.

காக்கி புக்கிட் பட்டறைக்காரர்

அதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்குமே, தம்பி!

அங் மோ கியோ அக்கா

அப்படியானால் அந்த இடத்தை விடாதீர்கள். முதல் வாரத்திலேயே பந்தயக் கார் அணியின் கூடத்துக்குப் போய், கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தாலும் சேர்ந்துவிடுங்கள். மாணவர் பரிமாற்றத்துக்கு ஜெர்மனியையோ சுவீடனையோ கேளுங்கள். அந்தப் பருவத்தின் முடிவில் அங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சி கிடைக்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

நெக்கார் கரை

இடம் கையில் இருக்கும்போது நானும் அதையே சொல்வேன். ஆனால் ஜெர்மன் வகுப்பை இந்த ஆண்டே தொடங்குங்கள். கோதே நிலையம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. நான்கு ஆண்டில் பி2 எனப்படும் உயர் இடைநிலைத் தேர்ச்சியைத் தாண்டிவிட்டால், இரண்டு ஆண்டு முதுநிலை போதாது என்று நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. இன்னொரு வேலை: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது வேலைப் பயிற்சி செய்த நிறுவனத்திடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கடைசல், துருவல், பற்றவைப்பு, பொருத்துதல் என்று எந்தெந்தப் பணியில் எத்தனை வாரம் இருந்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, முத்திரையுடன் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். இங்குள்ள இயந்திரப் பொறியியல் துறைகள் பலவும் அப்படிப்பட்ட பட்டறைப் பயிற்சிக்குச் சான்று கேட்கும். ஆண்டுகள் கழித்துப் போய்க் கேட்டால், கையொப்பமிட வேண்டிய மேற்பார்வையாளர் அந்த நிறுவனத்தில் இருக்க மாட்டார்.

ஈசூன் இளைஞன்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. வரும் வாரமே துவாஸில் உள்ள அந்த நிறுவனத்துக்குப் போய்க் கடிதத்தைக் கேட்கிறேன். அங்கே துருவல் இயந்திரத்தில் இருந்ததைவிட அலுவலகத்தில் படம் திருத்தியதுதான் அதிகம். அதையும் எழுதச் சொல்லலாமா?

நெக்கார் கரை

எழுதச் சொல்லுங்கள், ஆனால் தனிப் பத்தியாக. பட்டறை வாரங்களோடு கலந்து எழுதினால் எதையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.